ஒரு பானை சோறும் ஒரு நகரத்தின் காய்ச்சலும்

2020 கோடையில் சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அன்றைய கொரோனா கணக்கு அப்போதுதான் வரும். தமிழ்நாட்டில் இத்தனை பேர், சென்னையில் மட்டும் இத்தனை பேர், இறந்தவர்கள் இத்தனை பேர். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "நேத்தைக்கு இன்னைக்குக் கொறைஞ்சிருக்கா?" நான் இரண்டு எண்களையும் பார்ப்பேன். குறைந்திருந்தால் "ஆமாம்மா" என்பேன். அன்று ராத்திரி அவர் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

நான் சொன்ன அந்த பதில்களில் பல தப்பு என்று பிற்பாடுதான் புரிந்தது. அறிக்கையில் வந்த எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை எதை எண்ணுகின்றன என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. "இன்று 1,500 பேருக்குத் தொற்று" என்று கேட்டவுடன், இன்றைக்கு 1,500 பேருக்கு நோய் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அப்படி இல்லை. இன்றைக்கு மாநகராட்சியின் கண்ணில் பட்டவர்கள் 1,500 பேர், அவ்வளவுதான். நோய் ஒரு பக்கம், கண்ணில் பட்ட நோய் இன்னொரு பக்கம். பெரிய நகரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பதுதான் தொற்றுநோய்ப் புள்ளியியலின் முக்கால்வாசி வேலை.

அந்தத் தூரம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். கோடம்பாக்கத்தில் ஒருவருக்கு ஜூன் 1 அன்று தொற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து நாள் கழித்து உடம்பு சுடுகிறது. "வெயில் சூடுதான்" என்று ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் ஓட்டுகிறார். அப்புறம் தெருமுனையில் மாநகராட்சி போட்ட காய்ச்சல் முகாமுக்குப் போகிறார். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் முடிவு வர இன்னும் ஓரிரு நாள். ஆக, டிவியில் அவர் ஓர் எண்ணாக வரும்போது தேதி ஜூன் 9 அல்லது 10. இன்றைய அறிக்கை காட்டுவது ஏறக்குறைய பத்து நாளுக்கு முந்தைய நகரத்தை. இறப்புக் கணக்கு இன்னும் பின்னால் நிற்கிறது. நோய் முற்றி உயிர் போவதற்கு மேலும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

இந்தத் தாமதத்தை மறந்தால் நல்ல முடிவுகளைக்கூட நாம் தவறாக எடைபோட்டுவிடுவோம். 2020 ஜூன் 19 அன்று சென்னையிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். அடுத்த பத்து நாளும் எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஜூன் கடைசியில் ஒரு நாளைக்கு 2,000 பேரைத் தாண்டியது. "ஊரடங்கு போட்டு என்ன பிரயோசனம்?" என்று எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். ஜூலை நடுவில் அதே எண் 1,200 அளவுக்கு இறங்கியிருந்தது. ஊரடங்கு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜூன் 25 அன்று உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது என்பது மட்டும் நிச்சயம். அன்றைக்குத் தெரிந்தது ஊரடங்குக்கு முந்தைய தொற்று.

கோடம்பாக்கத்துக்காரராவது முகாமுக்குப் போனார். போகாதவர்கள்? அறிகுறியே இல்லாமல் வந்து போன தொற்று எந்தக் கணக்கிலும் ஏறாது. அறிகுறி இருந்தும் மறைத்தவர்கள் உண்டு. தொற்று உறுதியானால் வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்த காலம் அது. தினக்கூலிக்குப் போகிறவர் பதினான்கு நாள் தகரத்துக்குப் பின்னால் இருக்கப் பயந்து காய்ச்சலை வெளியே சொல்லாமல் விட்டால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதே சமயம், அந்தப் பயம் கணக்கிலும் ஓட்டை போடுகிறது. சோறும் சம்பளமும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும் தெருவில் நோய் சீக்கிரம் கண்ணில் படும். இதை எந்தக் கணினியும் சரிசெய்து தராது.

சரி, கண்ணில் பட்டதை மட்டும் வைத்து எப்படி முடிவெடுப்பது? முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று. ஒரு கற்பனைக் கணக்கு. திங்கட்கிழமை 1,000 பேரைச் சோதித்ததில் 100 பேருக்குத் தொற்று. செவ்வாய்க்கிழமை 2,000 பேரைச் சோதித்ததில் 160 பேருக்குத் தொற்று. தலைப்புச் செய்தி "ஒரே நாளில் 60 அதிகரிப்பு" என்று வரும். ஆனால் நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் 10 சதவீதம் 8 ஆகக் குறைந்திருக்கிறது. இதைத்தான் பாசிட்டிவ் விகிதம் என்கிறார்கள். சோதனைகளைப் பரவலாகச் செய்யும் ஊரில் இந்த விகிதம் தொடர்ந்து இரண்டு வாரம் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பரவல் கட்டுக்குள் இருப்பதாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் ஓர் அளவுகோல் கொடுத்தது. விகிதம் 20, 25 என்று இருந்தால், ரொம்ப முடியாதவர்களை மட்டுமே சோதிக்கிறார்கள், வெளியே இன்னும் நிறைய இருக்கிறது என்று பொருள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. பல ஊர்களில் அன்று சோதனை குறையும், அதனால் திங்கள் செவ்வாய்க் கணக்கும் இறங்கும். அம்மா நிம்மதியாகச் சாப்பிட்ட நாட்களில் சில இப்படிப்பட்ட திங்கட்கிழமைகளாக இருந்திருக்கலாம். இதற்கு மருந்து ரொம்ப எளிது: கடைசி ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்துப் பார்ப்பது. எந்த ஏழு நாளிலும் ஒரு ஞாயிறு இருக்கும் என்பதால் அந்த ஏற்ற இறக்கம் தானாக அமுங்கிவிடும். நேற்றோடு இன்றை ஒப்பிடாமல், போன வாரச் சராசரியோடு இந்த வாரச் சராசரியை ஒப்பிட வேண்டும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எதை எதால் வகுப்பது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1854 இல் லண்டனில் காலரா. கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். சோஹோ பகுதியில் பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு வேலை அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் குழாய்த் தண்ணீர் கொடுத்தன. ஒன்று லாம்பெத், இன்னொன்று சௌத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால். லாம்பெத் கம்பெனி 1852 இல் தேம்ஸ் நதியில் மேலே, நகரத்துச் சாக்கடை கலக்காத இடத்துக்குப் போய்த் தண்ணீர் எடுக்க ஆரம்பித்துவிட்டது. மற்றது சாக்கடை கலந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது. பல தெருக்களில் இரண்டு கம்பெனிக் குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒரே தெரு, ஒரே காற்று, பணக்காரர் ஏழை எல்லாம் கலந்து. தண்ணீர் மட்டும் வேறு.

காலராவில் இறந்தவர்களின் வீடுகளுக்கு ஸ்நோ ஒவ்வொன்றாக நடந்தார். "உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர்?" என்று கேட்டார். வாடகைக்கு இருந்த பலருக்கு அது தெரியவில்லை. அப்போது அவர் வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வாங்கி அதில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். உப்பு அதிகம் உள்ள தண்ணீர் வெள்ளையாகத் திரியும். சாக்கடை கலந்த கம்பெனியின் தண்ணீரில் உப்பு நாற்பது மடங்கு அதிகம் என்பதால் சந்தேகமே இல்லாமல் பிரித்துவிட முடிந்தது.

கணக்கு இப்படி வந்தது. சௌத்வார்க் கம்பெனி வீடுகள் 40,046, இறப்பு 1,263. லாம்பெத் வீடுகள் 26,107, இறப்பு 98. இரண்டுக்கும் வீடுகளின் எண்ணிக்கை வேறு என்பதால் பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று மாற்றினார்: 315 க்கு 37. லண்டனின் மற்ற பகுதிகளில் 59. இறப்பு எண்ணிக்கையை மட்டும் சொல்லியிருந்தால், "அந்தக் கம்பெனிக்கு வீடுகள் அதிகம், அதனால் இறப்பும் அதிகம்" என்று யாரும் தட்டிக்கழித்திருக்கலாம். கீழே போட்டு வகுத்த அந்த 40,046 தான் வாயை அடைக்கிறது.

சென்னையில் அப்போது இருந்த 15 மண்டலங்களின் பட்டியலைப் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். 2020 மே மாதத்தில் ராயபுரம் முதலிடம், மணலி கடைசிப் பக்கம் என்று தினமும் போடுவார்கள். ராயபுரத்தில் எத்தனை லட்சம் பேர், மணலியில் எத்தனை பேர் என்பதை அதே பட்டியலில் போட மாட்டார்கள். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால்தான் இரண்டு மண்டலங்களையும் பக்கத்தில் நிறுத்த முடியும்.

அடுத்தது வேகம். இன்றைக்கு எத்தனை பேர் என்பதைவிட, ஒருவர் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதுதான் முக்கியம். இதை ஆர் மதிப்பு என்கிறார்கள். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஐந்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று 1,000 பேர் நோயோடு இருக்கிறார்கள். ஆர் 1.2 ஆக இருந்தால், பத்துச் சுற்று, அதாவது ஐம்பது நாள் கழித்து, ஒரு சுற்றில் புதிதாக நோய் தொற்றுகிறவர்கள் சுமார் 6,200 பேர். ஆர் 0.8 ஆக இருந்தால் அதே ஐம்பது நாளில் 107 பேர். 1.2 க்கும் 0.8 க்கும் நடுவே வித்தியாசம் என்ன? பத்துப் பேர் சேர்ந்து பன்னிரண்டு பேருக்குக் கொடுப்பதா, எட்டுப் பேருக்குக் கொடுப்பதா என்பதுதான். நான்கே பேர். அந்த நான்கு பேரைக் காப்பாற்றுவதற்குத்தான் முகக்கவசமும் ஜன்னலைத் திறந்துவைப்பதும். இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தபின் எனக்கு அந்தச் சின்ன விஷயங்கள் சின்னதாகத் தெரியவில்லை.

ஆனால் ஆர் ஒரு சராசரி. சராசரி நிறைய விஷயங்களை மூடி மறைக்கும். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தேடி எழுதிவைத்த தொடர்பு விவரங்களை எடுத்து 2020 இல் ஓர் ஆய்வு செய்தார்கள். தொற்று உறுதியான 84,965 பேர், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். அந்த அளவுக்கு விரிவான விவரம் அப்போது உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். தெரியவந்தது இதுதான்: தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் பேர், தங்களோடு பழகியதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. புதிய தொற்றுகளில் அறுபது சதவீதம் வெறும் எட்டு சதவீதம் பேரிடமிருந்து போயிருக்கிறது.

சென்னையின் கோயம்பேடு சந்தையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். காய்கறி, பழம், பூ எல்லாம் ஒரே வளாகம். மூட்டை தூக்குகிறவர், கமிஷன் மண்டிக்காரர், விடியற்காலையில் தள்ளுவண்டியோடு வரும் சில்லறை வியாபாரி என்று ஆயிரக்கணக்கான பேர் தோளோடு தோள் உரசுகிற இடம். அங்கே தொற்று பெருகி 2020 மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் தொழிலாளர்கள் பலர் சொந்த ஊர் போய்விட்டார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் எண்கள் திடீரென்று எகிறின. நகரம் முழுவதற்கும் ஒரே ஆர் மதிப்பைப் போட்டுப் பார்த்தால் இப்படி ஓர் இடம் தெரியவே தெரியாது. யார், எங்கே, யாரோடு என்ற விவரம் எழுதிய நோட்டுப் புத்தகம் வேண்டும்.

இப்போது பானைக்கு வருகிறேன். கண்ணில் படாத நோயை எண்ண வழி உண்டா? உண்டு. தொற்று வந்துபோனவர் ரத்தத்தில், அவருக்கே தெரியாமல் வந்துபோயிருந்தாலும், சில வாரங்களில் எதிர்ப்பணுக்கள் தோன்றும். ஊரில் சிலரைத் தேர்ந்தெடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், மொத்த ஊரில் எத்தனை பேருக்கு வந்துபோனது என்று மதிப்பிடலாம். சீரோ சர்வே என்று செய்தித்தாளில் வந்தது இதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். 2020 ஜூலையில் சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 21.5 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு இருந்தது. நகரத்தில் 70 லட்சம் பேர் என்று வைத்தால் சுமார் 15 லட்சம் பேர். அந்த மாதக் கடைசியில் அரசுப் பதிவில் இருந்த தொற்றுகள் ஏறக்குறைய ஒரு லட்சம். கண்ணில் பட்ட ஒருவருக்குப் பின்னால் படாதவர்கள் பதினான்கு பேர் இருந்திருக்கிறார்கள்.

பழமொழி சரிதான், ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பானையில் அரிசி ஒரே தண்ணீரில், ஒரே கொதியில் வேகிறது, கரண்டியால் கிளறியும் விடுகிறோம். அதனால்தான் எந்தச் சோற்றை எடுத்து நசுக்கினாலும் போதும். நகரத்தை யாரும் கிளறிவிடுவதில்லை. அதே ஜூலையில் மும்பையில் மூன்று வார்டுகளில் எடுத்த ஆய்வில், குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு, அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். சென்னையிலும் தண்டையார்பேட்டை மண்டலத்தில் 40 சதவீதத்தைத் தாண்டியது, மாதவரத்தில் 10 கூட இல்லை. ஒரு பக்கம் சோறு குழைந்துவிட்டது, மறுபக்கம் இன்னும் அரிசி. அடுக்குமாடியில் மட்டும் ரத்தம் எடுத்தால் ஒரு விடை, எட்டுக்கு எட்டு அறையில் ஆறு பேர் இருக்கும் சந்தில் மட்டும் எடுத்தால் வேறு விடை. அதனால்தான் தெருக்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் இத்தனை பேர் என்று திட்டம் போட்டு எடுக்கிறார்கள். நகரத்தை அவர்கள் இப்படித்தான் கிளறுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தச் சோதனையும் முழுக்கச் சரியாக இருக்காது. நோய் வராத நூறு பேரில் இரண்டு பேருக்குத் தவறாக "வந்திருக்கிறது" என்று காட்டும் ஒரு சோதனையை வைத்துக்கொள்வோம். ஊரில் உண்மையில் ஒரு சதவீதம் பேருக்குத்தான் வந்திருக்கிறது. ஆயிரம் பேரைச் சோதித்தால் நிஜமாக வந்தவர்கள் 10 பேர், தவறாக மாட்டியவர்கள் ஏறக்குறைய 20 பேர். சோதனை 3 சதவீதம் என்று காட்டும், உண்மையைப்போல் மூன்று மடங்கு. நோய் அரிதாக இருக்கும் தொடக்கக் காலத்தில் இந்தப் பிழை பூதாகரமாகும், நோய் பரவியபின் அதே பிழை சிறுத்துப்போகும்.

சாவுக் கணக்கைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்லாமல் போக முடியவில்லை. மற்ற எண்களை விடுங்கள், இறந்தவர்களை எண்ணுவதாவது நேர் வேலை என்று தோன்றும். 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகளைத் தமிழ்நாடு அரசு கொரோனா கணக்கில் சேர்த்தது. நீரிழிவு இருந்தவர் கொரோனா வந்து இறந்தால் காரணம் என்று எதை எழுதுவது, வீட்டிலேயே சோதனை செய்யாமல் இறந்தவரை எதில் சேர்ப்பது என்பதெல்லாம் அந்தந்த இடத்தில் ஒருவர் பேனா பிடித்து எடுக்கும் முடிவுகள். இதைத் தாண்டிப் போக, காரணத்தைக் கேட்காமல், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் மொத்தம் எத்தனை என்று மட்டும் பார்த்து, முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிடுகிறார்கள். சென்னைக்கு இப்படிக் கணக்கிட்டபோது, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த இறப்புகள் சுமார் 26,000 என்று வந்தது. அறிக்கைகளில் நாங்கள் தினம் பார்த்த எண்ணைக் கூட்டினால் இதற்குப் பக்கத்தில்கூட வராது. எந்தப் பட்டியலிலும் கொரோனா என்று எழுதப்படாமல் போன எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் அந்த 26,000 இல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆளைத் தொடாமலும் எண்ணலாம். நோயாளிகளின் மலத்தில் வைரஸின் கூறுகள் வெளியேறும் என்பதால், ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகம் 2020 இலேயே சாக்கடை நீரைச் சோதித்து நகரத்தின் தொற்றை மதிப்பிட்டது. முகாமுக்கு வரப் பயந்தவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்.

இவ்வளவும் கொரோனாவோடு வந்தவை அல்ல. 2004 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம, வார்டு சுகாதாரப் பணியாளர் அறிகுறியை மட்டும் வைத்து நிரப்புவது எஸ். மருத்துவர் பார்த்து இன்ன நோயாக இருக்கலாம் என்று நிரப்புவது பி. ஆய்வகம் உறுதிசெய்து நிரப்புவது எல். எஸ் சீக்கிரம் வரும், ஆனால் தெளிவு குறைவு. எல் தெளிவாக இருக்கும், ஆனால் தாமதம். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, ஒரு வார்டில் காய்ச்சல் வழக்கத்தைவிட அதிகம் என்பது, அது டெங்குவா டைபாய்டா என்று தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

டெங்குவில் இன்னும் ஒரு படி முன்னால் போகிறார்கள். ஆளை எண்ணுவதற்கு முன்பே கொசுப் புழுவை எண்ணுகிறார்கள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்பது ஓர் அளவு. எங்கள் தெருவுக்கு அதற்காக ஒரு பெண் வருவார். தோளில் பை, கையில் டார்ச். தொட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தட்டில் நிற்கும் தண்ணீரைப் பார்ப்பார், பூந்தொட்டிக்கு அடியில் பார்ப்பார். போன மழைக்காலத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் புழு நெளிந்துகொண்டிருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"இந்தத் தெருல எத்தனை வீட்லம்மா புழு இருந்துச்சு?"

"உங்களோட சேத்து மூணும்மா."

"எத்தனை வீடு பாத்ததுல?"

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இருபத்திரண்டு" என்றார்.